மாமனாரின் பொம்மை வீரர்களும் கீழ்த்தட்டு வெள்ளைப் பொடியும்

கேள்வி: ஐயா, வணக்கம். என் மாமனார் பல வருஷமாக உலோகப் பொம்மை வீரர்களைச் சேர்த்து வைத்திருந்தார். குதிரை வீரர், பீரங்கிக்காரர், பேண்டு வாத்தியக்காரர் என்று இருநூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் கையால் வண்ணம் தீட்டியவை. அவர் காலமான பிறகு மர அலமாரியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. என் கணவருக்கு அவை உயிர். விடுமுறை நாளில் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தூசி தட்டுவார். சிலவற்றில் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. கீழ்த்தட்டில் இருப்பவற்றின் மேல் மாவு பூத்த மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாகப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்கிறார். எங்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. கைக்குக் கிடைப்பதெல்லாம் அவள் வாய்க்குத்தான் போகிறது. இன்னும் தாய்ப்பாலும் குடிக்கிறாள். பழைய பொம்மைகளில் காரீயம் இருக்கும், அது விஷம் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "நான் சின்ன வயதில் இவற்றோடுதான் விளையாடினேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்கிறார் கணவர். தூக்கிப் போட்டுவிடலாமா? உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

தூக்கிப் போட வேண்டாம். ஆனால் இப்போது இருக்கும் இடத்தில் அவை இருக்கவும் கூடாது, இப்போது சுத்தம் செய்கிற மாதிரி இனி ஒரு நாளும் செய்யக் கூடாது. நான் அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன், உலோகப் பொருள்கள் என் பிரிவு. மருத்துவன் அல்ல. அதனால் பொம்மைகளைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். உடம்பு சம்பந்தமாக, காரீயத்தோடு வேலை செய்யும் எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மீதிக்கு நீங்கள் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும், அதுவும் இந்த வாரமே.

காரணங்களைப் பிறகு பார்க்கலாம். இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலமாரி இருக்கும் அறைக்குள் குழந்தை போகாதபடி கதவைப் பூட்டுங்கள். அலமாரி கூடத்தில் இருக்கிறது, பூட்ட வழியில்லை என்றால் அதன் கதவிடுக்குகளை டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் அவள் போகாதபடி ஏதாவது தடுப்பு வையுங்கள். அவசரப்பட்டு அலமாரியை இழுத்து நகர்த்தாதீர்கள். உள்ளே பொம்மைகள் ஒன்றோடொன்று உரசி இன்னும் பொடி உதிரும். அந்த டூத் பிரஷ்ஷைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள். சாப்பாட்டு மேஜையையும் நாற்காலிகளையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அதே துணியை மறுபடி முக்காமல், நல்ல தண்ணீரில் நனைத்த வேறு துணியால் இன்னொரு தடவை துடையுங்கள். தரையையும் இப்படித்தான், ஈரமாகத் துடைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சாதாரண வேக்யூம் கிளீனரும் வேண்டாம். நுண்ணிய தூசி அதன் வடிகட்டியில் தங்காமல் பின்பக்கம் வழியாக மறுபடி அறைக்குள்ளேயே வந்துவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி என்றால் சரி. மேஜைக்கு அடியில் கம்பளம் இருந்தால் அதை உதறாமல் மெதுவாகச் சுருட்டிக் கட்டி வையுங்கள். துடைத்த துணிகளையும் அந்தப் பிரஷ்ஷையும் அபாயகரக் கழிவாகச் சேர்க்கச் சொல்லி உள்ளாட்சியிடம் கொடுங்கள்.

அவள் கையைச் சாப்பாட்டுக்கு முன்னும் தூங்குவதற்கு முன்னும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். சானிடைசர் இதற்கு உதவாது. அது கிருமியைக் கொல்லும், காரீயத்தை அகற்றாது. தரையில் கிடந்த அவளுடைய விளையாட்டுச் சாமான்களையும் கழுவிவிடுங்கள்.

இப்போது உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. உலோகமாக இருக்கும் காரீயம் தோல் வழியாக உடம்புக்குள் ஏறுவது மிகவும் குறைவு. பெயின்ட் முழுசாக இருக்கும் ஒரு பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டால், ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்குக் கவலைப்பட ஏதும் இல்லை. காரீயம் உள்ளே போகிற வழிகள் இரண்டு: வாய், மூச்சு. இரண்டுக்கும் அது தூசியாகவோ பொடியாகவோ செதிலாகவோ மாற வேண்டும். அலமாரிக்குள் சும்மா நிற்கும் வீரனை அப்படி மாற்றுவது எது என்று பார்த்தால், டூத் பிரஷ்ஷும் உப்புத்தாளும்தான். கீழ்த்தட்டில் அந்த வேலை தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

"எனக்கு என்ன ஆகிவிட்டது" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. காரீயம் குறைந்த அளவில் உடம்பில் சேரும்போது வெளியே தெரிகிற மாதிரி எதுவும் செய்யாது. வாந்தி, வயிற்று வலி, வலிப்பு எல்லாம் அளவு மிக அதிகமான பிறகு வருபவை. அதற்கு வெகு முன்பே குழந்தையின் மூளை வளர்ச்சியில் பாதிப்பு தொடங்கிவிடும்: கவனம் நிற்காது, கற்பது மெதுவாகும், அறிவுத்திறன் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று அந்தத் தனி மனிதரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, குறையாமல் இருந்திருந்தால் அவர் எப்படி இருந்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாதே. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். வயிற்றுக்குள் போகும் ஒரே அளவு காரீயத்தில், பெரியவர் உடம்பு ஏற்பதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அவர் நன்றாக இருப்பது சந்தோஷம். அதை வைத்து மகளுக்கும் ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்ட முடியாது.

முழுப் பொருளையே விழுங்கிவிடும் அபாயமும் இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று, இதய வடிவில் இருந்த சின்ன உலோகத் தொங்கலை விழுங்கி இறந்துபோனது. அந்தத் தொங்கலில் 99 சதவீதம் காரீயம். வயிற்று அமிலத்தில் அது கரைந்துகொண்டே இருந்தது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 180 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. பொம்மை வீரனின் கையில் இருக்கும் துப்பாக்கி, தலையில் குத்திய இறகு, குதிரையின் வால் இவையெல்லாம் சுலபமாக ஒடிந்து விழுபவை. ஒடிந்த துண்டு அலமாரிக்கு அடியில் உருண்டு கிடக்கும். பெரியவர் கண்ணில் படாது, தரையில் உட்கார்ந்து விளையாடும் குழந்தையின் கண்ணில்தான் முதலில் படும். டார்ச் அடித்து அலமாரிக்கு அடியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவள் எதையாவது விழுங்கிவிட்டாள் என்ற சந்தேகம் வந்தால், எப்படியும் வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய், காரீயமாக இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

சரி, அந்த வெள்ளைப் பொடிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான்.

நீங்கள் மாவு பூத்த மாதிரி என்று எழுதியிருப்பது, பெரும்பாலும் காரீயக் கார்பனேட். காரீயத்துக்கு மிகப் பெரிய எதிரி அசிட்டிக் அமிலத்தின் ஆவி. வினிகரில் இருக்கும் அமிலமேதான். மரம் இந்த ஆவியை வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். ஓக் மரம் இதில் மிக மோசம். பிளைவுட், எம்டிஎஃப் பலகை, அட்டைப்பெட்டி, சில பசைகள், சரியாகக் காயாத பெயின்ட் எல்லாமே அமில ஆவி விடுபவை. மூடிய அலமாரிக்குள் அந்த ஆவி வெளியேற வழி இல்லாமல் தங்கிவிடும். அது காரீயத்தோடு சேர்ந்து காரீய அசிடேட் ஆகும். பிறகு காற்றில் இருக்கும் கரியமில வாயு அதைக் கார்பனேட்டாக மாற்றிவிடும். அப்படி மாறும்போது அமிலம் திரும்ப விடுபட்டு, அடுத்த காரீயத்தைத் தின்னப் போகும். அதனால்தான் ஒரு தடவை தொடங்கினால் இது தானாக நிற்பதில்லை.

முன்பெல்லாம் வெள்ளைப் பெயின்ட்டுக்கான நிறமியை இதே முறையில்தான் தயாரித்தார்கள். மண் கலயத்தின் அடியில் வினிகரை ஊற்றி, மேலே காரீயத் தகட்டை வைத்து, சாணக் குவியலில் புதைத்துவிடுவார்கள். சூட்டில் வினிகர் ஆவியாகும், சாணத்திலிருந்து கரியமில வாயு வரும். சில மாதங்களில் தகடெல்லாம் வெள்ளைச் செதிலாகிவிடும். அதைச் சுரண்டியெடுத்து அரைத்தால் நிறமி. அந்த நிறமியின் தூசியால் நோய்வாய்ப்பட்ட தொழிலாளிகள் ஏராளம். உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் நடப்பதும் இதே வேதியியல்தான், வேகம் மட்டும் குறைவு.

அருகில் வைத்துப் பார்த்தால் இது எப்படிப் பரவுகிறது என்பது நன்றாகத் தெரியும். முதலில் அடிப்பலகையின் ஓரத்திலோ காலுக்கு இடையிலோ, பெயின்ட் தேய்ந்த இடத்தில், ஊசிமுனை அளவுக்குச் சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளி வரும். உலோகத்தைவிடக் கார்பனேட் அதிக இடம் பிடிக்கும் என்பதால் அது உள்ளிருந்தே உப்பி, மேலிருக்கும் பெயின்ட்டைக் கொப்புளம் போலத் தூக்கும். பிறகு பெயின்ட் வெடித்து உரியும். உரிந்த செதிலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். உங்கள் வீட்டில் பெயின்ட் உரிவதும் பொடி பூப்பதும் இரண்டு தனிப் பிரச்சினைகள் இல்லாமல், ஒன்றாகவே இருக்கலாம். உள்ளே குழிவாக வார்த்த பொம்மைகளில் உள்பக்கமும் பொடித்துப்போய், சின்னத் துளை வழியாக மாவு மாதிரி கொட்டுவது உண்டு. வெளியே பளிச்சென்று இருப்பதால் அவை நன்றாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பொடியை ஊதாதீர்கள், தட்டாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தொடவே தொடாதீர்கள். வினிகர் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். பொடி போகும், உண்மைதான். ஆனால் தண்ணீரில் எளிதில் கரையும், அதைவிட நஞ்சான காரீய அசிடேட் உண்டாகும். பொம்மையும் இன்னும் வேகமாக அரிக்கும். தண்ணீரில் ஊறப்போடுவதும் தவறு.

உங்கள் கணவர் செய்ய வேண்டியது இது. குழந்தை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, மேஜையில் பழைய பாலித்தீன் விரிப்பைப் போட்டு, மெல்லிய கிளவுஸும் பி100 வகை வடிகட்டி உள்ள முகக்கவசமும் அணிந்துகொள்ளட்டும். துணி மாஸ்க் போதாது. பூத்துப்போன பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதையும் துடைக்காமல், தனித்தனி ஜிப் வைத்த பாலித்தீன் பையில் போட்டு மூட வேண்டும். உரிந்த செதில்கள் தட்டில் கிடந்தால் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து அதையும் ஒரு பையில் போட வேண்டும். காலியான தட்டுகளை ஈரமாகத் துடைக்க வேண்டும். முடிந்ததும் விரிப்பை உள்பக்கமாக மடித்துக் கட்டிவிட்டு, சட்டையை மாற்றி, குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

பைக்குள் போனவற்றைச் சரிசெய்ய முடியுமா என்றால், உலோகப் பாதுகாப்புக் கூடங்களில் முடியும். மின்பகுப்பு முறையில் கார்பனேட்டை மறுபடி உலோகமாக்கும் உத்திகூட இருக்கிறது. ஆனால் பெயின்ட் உள்ள பொருளில் அது சிக்கலான வேலை. வீட்டில் செய்கிற காரியம் இல்லை. ஒன்றிரண்டு அபூர்வமானவை என்றால் நிபுணரிடம் கொடுக்கலாம். மற்றவை பையிலேயே இருக்கட்டும்.

நன்றாக இருப்பவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த மர அலமாரியை விட்டுவிடுங்கள். மாமனாரின் அலமாரி என்பதால் மனசு கேட்காது என்பது புரிகிறது. அதில் வேறு ஏதாவது வையுங்கள். பொம்மைகளுக்குக் கண்ணாடியும் எனாமல் பூசிய இரும்பும் கொண்ட, பூட்டு உள்ள அலமாரி வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள். நடுத்தட்டு உயரத்துக்குக் கீழே எதுவும் இருக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள் சுற்றி வைப்பது பலரும் செய்வது, காரீயத்துக்கு அதைப் போலக் கெடுதல் வேறு இல்லை. பெட்டிதான் வேண்டும் என்றால் பாலிப்ரொப்பிலீன் டப்பா நல்லது.

எல்லாப் பொம்மைகளும் காரீயமா? இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பதிலில் காரீயம் என்று சொல்வது வேறு, வெள்ளீயம் வேறு என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளீயத்துக்கு இந்த நஞ்சு இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் வார்த்த தட்டையான பொம்மைகளில் வெள்ளீயம் முக்கியம் என்றாலும் காரீயமும் கலந்திருக்கும். பிறகு வந்த முழு உருவப் பொம்மைகள் பெரும்பாலும் காரீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்தவை. 1893-ல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் குழிவு வார்ப்பைக் கொண்டுவந்தது. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரத்தில் ஒரு மெல்லிய படலம் உறைந்ததும் மீதியைக் கவிழ்த்து வெளியே எடுத்துவிடுவார்கள். உலோகம் மிச்சம், எடையும் மிச்சம். 1960-களின் நடுவில் இந்தக் காரீயப் பொம்மைகளின் உற்பத்தி நின்று, பிளாஸ்டிக் அந்த இடத்தைப் பிடித்தது. அதற்கு முந்தைய காலத்து உலோக வீரன் என்றால் காரீயம் என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

பிந்தையவை எல்லாம் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. போர் விளையாட்டுகளுக்காக வார்த்த சிறு உருவங்களில் 1990-களின் தொடக்கம் வரை காரீயக் கலவை சாதாரணம். 1993 வாக்கில், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சட்டம் ஒன்றை ஒட்டிப் பல தயாரிப்பாளர்கள் காரீயம் இல்லாத கலவைக்கு மாறினார்கள். இன்றைக்கும் சேகரிப்பாளர்களுக்கென்று காரீயம் கலந்து வார்ப்பவர்கள் உண்டு. பெட்டியில் "சிறுவர்களுக்கு அல்ல" என்று அச்சிட்டிருந்தால் அதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிய பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும்தான். பழைய பியூட்டரில் காரீயம் இருக்கலாம்.

வீட்டில் ஓரளவு கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பெயின்ட் இல்லாத அடிப்பாகத்தை வெள்ளைத் தாளில் லேசாக இழுத்தால், காரீயம் பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு விடும். அந்தத் தாளையும் பையில் போட்டுவிடுங்கள். கெட்டியாக வார்த்த, பெயின்ட் எங்கும் விரியாத பொம்மை என்றால் இன்னும் நம்பகமான வழி உண்டு. சிறிய மின்னணுத் தராசில் பொம்மையை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கி, பொம்மையை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சுத்தக் காரீயம் என்றால் 11.3. காரீயம் இல்லாத வெள்ளீயக் கலவை 7.3 பக்கம் வரும், துத்தநாகக் கலவை 6.7 பக்கம். எட்டைத் தாண்டினாலே கணிசமாகக் காரீயம் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குழிவான பொம்மைக்கும் வெள்ளை பூத்ததற்கும் இது உதவாது. அந்த டம்ளரைச் சமையலறைக்குத் திருப்பி எடுத்துப் போகாதீர்கள்.

உலோகம் வெள்ளீயம் என்று தெரிந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. பெயின்ட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய பெயின்ட்டில் வெள்ளைக்குக் காரீயக் கார்பனேட், மஞ்சளுக்குக் காரீயக் குரோமேட், ஆரஞ்சு கலந்த சிவப்புக்குச் செந்தூர நிறக் காரீய ஆக்சைடு. சீருடையின் பளிச்சென்ற நிறங்களே அவைதான். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டிலும் பொம்மைப் பெயின்ட்டிலும் காரீயத்துக்கு 1978-ல் 600 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 600 பங்கு, என்று வரம்பு வைத்தார்கள், 2009-ல் அதை 90 பிபிஎம் ஆக்கினார்கள். பல நாடுகளில் வரம்பு இன்னும் தாமதமாகத்தான் வந்தது. ஆகவே காரீயம் இல்லாத உலோகத்தின் மேல் காரீயப் பெயின்ட் என்பது சர்வசாதாரணம்.

கடையில் விற்கும் சோதனைக் குச்சியை வாங்கித் தேய்த்துப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். சில வகைகளில் காரீயம் இருந்தால் குச்சி சிவக்கும், சிலவற்றில் கறுக்கும். நிறம் மாறினால் காரீயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறவில்லை என்றால் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். மேல் பூச்சு புதிதாக இருந்து, காரீயம் அடியில் இருந்தால் குச்சிக்குத் தெரியாது. சிவப்புச் சீருடையில் சிவப்பு நிறமாற்றத்தைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். எக்ஸ்கதிரைப் பாய்ச்சி என்ன தனிமம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவி இதைவிடப் பல மடங்கு துல்லியம், பொருளுக்கு ஒரு கீறலும் விழாது. ஆனால் அது பெயின்ட்டையும் அடியிலிருக்கும் உலோகத்தையும் சேர்த்தே படிக்கும். காரீயப் பொம்மையின் மேல் வைத்துவிட்டு, பெயின்ட்டில் காரீயம் என்று யாராவது அறிக்கை கொடுத்தால் அதை அப்படியே நம்ப முடியாது. என் அபிப்பிராயத்தில், சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இருநூறு பொம்மைக்கும் சோதனைச் செலவு செய்வதைவிட, எல்லாவற்றையும் காரீயம் என்றே வைத்துக்கொண்டு அலமாரியைப் பூட்டுவது புத்திசாலித்தனம்.

உப்புத்தாள் திட்டத்துக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். காரீயமும் காரீயப் பெயின்ட்டும் சேர்ந்து, மூச்சில் போகிற அளவு நுண்ணிய தூசியாக வீட்டுக்குள் பரவ அதைவிடச் சுலபமான வழி இல்லை. அது சேகரிப்புக்கும் நஷ்டம். பழைய பொம்மையின் அருமையே அதன் அசல் பெயின்ட்டில்தான் இருக்கிறது, சுரண்டிவிட்டால் திரும்ப வராது. பெயின்ட் லேசாகத் தேய்ந்து, பொடி பூக்காமல் இருப்பவற்றை அப்படியே விடலாம். அடிப்பாகம் மட்டும் வெறும் உலோகமாக இருந்தால் அங்கே ஓர் அக்ரிலிக் வார்னிஷ் பூசி நன்றாக, சில நாள் திறந்த காற்றில் காயவிட்டு உள்ளே வைக்கலாம். பூத்துப்போனதன் மேல் வார்னிஷ் பூசி மறைக்க முயல வேண்டாம், உள்ளே அரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும்.

அவருக்குக் கை துறுதுறுக்கிறது, வண்ணம் தீட்டியே ஆக வேண்டும் என்றால், காரீயம் இல்லாதது என்று தயாரிப்பாளர் எழுதித் தரும் புதிய உருவங்களை வாங்கித் தீட்டட்டும். அது அழகான கலை, யாரும் தடுக்கக் கூடாது. அப்போதும் ஒரு பழக்கத்தை விட வேண்டும்: பிரஷ்ஷின் முனையைக் கூராக்க உதட்டில் வைத்து இழுப்பது. தீட்டுபவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாமலேயே இது வந்துவிடுகிறது. காட்மியம் போன்ற நிறமிகள் இன்றைய பெயின்ட்டிலும் உண்டு. அப்புறம், உடைந்த காரீயப் பொம்மைகளை உருக்கிப் புதிதாக வார்க்கலாம் என்ற யோசனை அவருக்கு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வீட்டு அடுப்பே போதும் என்று தோன்றும். மேலே படியும் ஏடும், அதை வழித்தெடுக்கும்போது பறக்கும் தூசியும், அதிகச் சூட்டில் எழும் புகையும் சேர்ந்து அந்த வீட்டையே கெடுத்துவிடும்.

கடைசியாக ரத்தப் பரிசோதனை. குழந்தைக்குக் கட்டாயம் செய்யுங்கள். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும்கூடச் செய்வது நல்லது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியவர் அவர், அதே மேஜையில் சாப்பிட்டவர்கள் நீங்கள் எல்லோரும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சோதனையில் தோலில் ஒட்டியிருக்கும் காரீயமும் சேர்ந்து அளவு கூடுதலாகக் காட்டலாம். அதில் அதிகமாக வந்தால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மருந்து கொடுக்க மாட்டார்கள். காரீயம் வரும் வழியை அடைத்துவிட்டு, இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொண்டு, மறுபடி சோதிப்பார்கள். அந்த இரண்டு சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். ரத்தத்தில் இருக்கும் காரீயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் பிடிக்கும். எலும்புக்குப் போனது அங்கேயே பல வருஷம் தங்கும். பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அது எலும்பிலிருந்து இறங்கி ரத்தத்துக்கு வரும். அதற்காகப் பயந்து நீங்களாகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ரத்த அளவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். மிக அதிகமாக இருந்தாலொழிய நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

சேகரிப்பில் சிலவற்றை விற்கவோ உறவினருக்குக் கொடுக்கவோ நினைத்தால், காரீயம் உள்ளது, குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள். வாங்குபவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கலாம்.

பைக்குள் போட்டவற்றை எறிந்துவிடுவதா வைத்திருப்பதா என்று இப்போதே தீர்மானிக்க வேண்டாம். பையைத் திறக்காமல், அடிப்பலகையின் கீழ்ப்பக்கம் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். தயாரித்தவர் பெயரும் சில சமயம் தேதியும் அங்கேதான் பதித்திருக்கும். எவை பாதுகாப்புக் கூடத்துக்கு அனுப்பத் தகுந்தவை என்று பார்த்துச் சொல்கிறேன். குழந்தையின் ரத்தப் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.